ஸ்கேனில் தோள்பட்டை ஜவ்வு கிழிந்திருப்பதாக வந்தால் ஆபரேஷன் செய்தே ஆகவேண்டுமா?

கேட்டிருப்பவர் 50 வயதைத் தாண்டியவர். சில மாதங்களாகக் கையைப் பக்கவாட்டில் தூக்கினால் வலி, இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. விழுந்ததாகவோ அடிபட்டதாகவோ நினைவில்லை. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாண் பகுதியளவு கிழிசல்' என்று இருக்கிறது. (தசையை எலும்போடு இணைக்கும் நார்தான் தசைநாண். பேச்சில் ஜவ்வு என்பது இதைத்தான்.)

நான் பிசியோதெரபிஸ்ட். இதே வரியை அடிக்கோடிட்டுக்கொண்டு, இனி இந்தக் கை அவ்வளவுதான் என்று வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ஆபரேஷன் தேவைப்பட வாய்ப்பு குறைவு. ரிப்போர்ட்டில் 'கிழிசல்' என்று இருப்பதை மட்டும் வைத்து யாரும் அதை முடிவு செய்வதில்லை. அது எப்படி வந்தது, கை இப்போது என்ன செய்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தோள் மூட்டில் பந்து பெரிது, அது உட்காரும் குழியோ ஆழமே இல்லாதது. அதனால்தான் கை இத்தனை திசையில் சுழல்கிறது, அதனால்தான் நிலைப்பும் குறைவு. பந்தைக் குழியின் நடுவில் பிடித்து நிறுத்துவது நான்கு சிறிய தசைகள். அவற்றின் தசைநாண்கள் சேர்ந்ததுதான் ரொட்டேட்டர் கஃப். நான்கில் மேலே ஓடுகிற சுப்ராஸ்பைனேட்டஸ்தான் அதிகம் பழுதாகும். வயது ஏற ஏற அதன் இழைகள் நைந்துபோகின்றன. சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் இருந்தால் இன்னும் சீக்கிரம்.

1995இல் வந்த ஓர் ஆய்வை என்னிடம் வருகிற எல்லோருக்கும் சொல்வேன். தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத 96 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூன்றில் ஒருவருக்குக் கிழிசல் இருந்தது. 60 வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கும் மேல்! அவர்களுக்கு வலியே கிடையாது. உங்கள் வலி பொய் என்று சொல்ல வரவில்லை. தலை நரைப்பதைப் போல வயதோடு வந்த பழைய கிழிசலாகவும் அது இருக்கலாம், வலி அதைச் சுற்றியுள்ள எரிச்சலிலிருந்தும் வரலாம். கிழிசல் அப்படியே இருக்க, வலி மட்டும் போவது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

அவசரப்பட வேண்டியவர்கள் வேறு. நன்றாக இருந்த கை, விழுந்த பிறகோ கனத்தை வெடுக்கென்று தூக்கிய பிறகோ திடீரென்று மேலே எழும்பவே இல்லை என்றால் ஓரிரு வாரத்துக்குள் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அது முழுக் கிழிசலாக இருக்கலாம். அதைத் தள்ளிப்போட்டால் தசைநாண் உள்ளிழுத்துக்கொள்ளும், தசை மெலிந்து அந்த இடத்தில் கொழுப்பு சேரும். அப்புறம் தைத்தாலும் பழைய பலம் திரும்புவது கஷ்டம். இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல், வியர்வை வந்தால் அது தோள் சமாச்சாரமே இல்லை, உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

இன்னொன்று. மற்றவர் பிடித்துத் தூக்கினால்கூட கை போகவில்லை, முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்ப முடியவில்லை என்றால் தோள் மூட்டு இறுகிப்போகும் 'ஃப்ரோசன் ஷோல்டர்' ஆகவும் இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. ரிப்போர்ட் கிழிசலைக் காட்டியதாலேயே இதைத் தவறவிடுவதும் உண்டு.

சரி, சிகிச்சை. முதலில் உடற்பயிற்சி, குறைந்தது 12 வாரம். ஆரம்பத்தில் கையை அசைக்காமல் சுவரில் அழுத்திப் பிடிப்பது, பிறகு ரப்பர் பட்டையை இழுத்துக் கையை வெளிப்பக்கம் திருப்புவது, தோள்பட்டை எலும்பைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் தசைகளுக்கு வேலை கொடுப்பது, கடைசியில் தலைக்கு மேலே எடை தூக்குவது. செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் எடையைக் குறையுங்கள். மூன்று வாரம் செய்துவிட்டு 'பிரயோஜனமில்லை' என்று விடுகிறவர்கள்தான் அதிகம். தசைநாண் அவ்வளவு வேகமாக மாறாது. அடிபடாமல் வந்த முழுக் கிழிசல்காரர்களைப் பயிற்சியில் வைத்துத் தொடர்ந்து கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2013இல் வந்தது. இரண்டு வருட முடிவில் ஆபரேஷனுக்குப் போனவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. உங்களுடையதோ பகுதியளவுதான்.

ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியை அடக்கும். தூக்கமே இல்லாதவருக்கு அது பெரிய உதவி, அந்த இடைவெளியில் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தால் தசைநாண் பலவீனமாகும்.

கிழிசலைத் தைக்காமல், தசைநாணுக்கு மேலே இருக்கும் எலும்பை மட்டும் சீவிவிடும் ஆபரேஷனை யாராவது சொன்னால் இரண்டாவது கருத்து கேளுங்கள். 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில் ஒரு குழுவுக்கு எலும்பைச் சீவினார்கள். இன்னொரு குழுவுக்குத் துளை போட்டுப் பார்த்துவிட்டு எதையும் சீவாமல் மூடினார்கள். இரண்டு குழுவுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குணம் தெரிந்தது.

தைப்பதற்கான ஆபரேஷன் நல்ல ஆபரேஷன்தான், சரியான ஆளுக்கு. அதற்குப் பிறகு நான்கிலிருந்து ஆறு வாரம் கை கழுத்தில் மாட்டும் தொட்டில் பட்டையில் (ஸ்லிங்) இருக்கும், கனமான வேலைக்குத் திரும்ப ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். அங்கேயும் பிசியோதெரபி உண்டு, தப்பிக்க முடியாது!

இரவு வலிக்கு ஒரு வழி: மல்லாந்து படுத்து, முழங்கைக்கு அடியில் தலையணை வைத்து, கை பின்பக்கம் சரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருக்களித்துத்தான் தூக்கம் வரும் என்றால் வலியில்லாத பக்கம் படுத்து, வலிக்கிற கையை மார்புக்கு முன்னால் ஒரு தலையணைமேல் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் தூக்கம் கெடுகிறது, கையில் பலம் குறைந்துகொண்டே போகிறது என்றால், அதே ரிப்போர்ட்டோடு எலும்பு மருத்துவரிடம் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம்.