பிளஸ் பி தோட்டா போடணும், எந்த துப்பாக்கி தாங்கும்?

கேள்வி: கையில பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 38 ஸ்பெஷல் ரிவால்வர் ஒண்ணு இருக்கு. பிளஸ் பி தோட்டா போட்டு பழகணும், வருஷத்துக்கு 2,000 ரவுண்டாவது சுடுவேன். "இரும்பு சார், எதைப் போட்டாலும் தாங்கும்"னு ஒரு புரோக்கர் சொல்றாரு. இன்னொருத்தர் 9எம்எம் பிஸ்டல் ஒண்ணைக் காட்டி "ஸ்பிரிங்கை மட்டும் டைட்டா மாத்திக்குங்க, ஆயுசுக்கும் உழைக்கும்"ங்கிறாரு. எதை நம்பறது?

பதில்: ரெண்டு பேரையும் நம்பாதீங்க, ரெண்டு பேருக்கும் வேண்டியது கமிஷன்.

பிளஸ் பின்னா என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன், அதே தோட்டாதான், ஆனா சாதாவை விட கூடுதல் அழுத்தத்துக்கு லோடு பண்ணது. அமெரிக்காவுல தோட்டாவுக்கு அழுத்த அளவு வகுக்கிற அமைப்பு ஒண்ணு இருக்கு, பேரை எழுத்துக்கூட்டிப் படிச்சா சாமின்னு வரும், கும்பிடற சாமி இல்ல. அவங்க கணக்குல சாதா 9எம்எம்முக்கு உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, பிளஸ் பிக்கு 38,500. சாதா 38 ஸ்பெஷலுக்கு 17,000, பிளஸ் பிக்கு 20,000. 357 மேக்னம்னு 38 ஸ்பெஷலை விட பவரான ரிவால்வர் தோட்டா ஒண்ணு இருக்கு, அதுக்கு 35,000. கடைசி நம்பரை இன்னொரு தடவை பாருங்க, உங்க கேள்விக்கு பாதி பதில் அதுலயே இருக்கு. 357 ரிவால்வர்ல 38 ஸ்பெஷல் தாராளமா போடலாம், 357 கேஸ், அதாவது மருந்தை அடைக்கற பித்தளைக் கூடு, ஒரு 3 மில்லிமீட்டர் கூடுதல் நீளம், அதான் வித்தியாசம். 35,000 தாங்கற மாதிரி செஞ்ச சிலிண்டருக்கு உங்க 20,000 எல்லாம் யானைப் பசிக்கு சோளப்பொரி.

அதனால ரிவால்வர்தான் வேணும்னா ஸ்டீல் ஃபிரேம், 4 அங்குல பேரல், 357 மேக்னம், இதுல ஒண்ணை வாங்குங்க. ரூகர் ஜிபி100, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686 ரெண்டும் இந்த வேலைக்கே பொறந்தது. 38 கேஸ் குட்டைங்கறதால சேம்பருக்குள்ள, அதாவது தோட்டா உக்கார்ற ஓட்டைக்குள்ள, வளையம் மாதிரி கரி படியும், அதை பிரஷ் போட்டு எடுக்காம பின்னாடி 357 போட்டீங்கன்னா கேஸ் சரியா உள்ள போகாது, இல்ல சுட்டப்புறம் வெளிய வராம மக்கர் பண்ணும்.

357ன்னு பொறிச்சிருந்தா எல்லாமே ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க, இதை மட்டும் கொஞ்சம் இழுத்துத்தான் சொல்லணும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்ல கே ஃபிரேம்னு ஒரு சைஸ் உண்டு, பழைய மாடல் 19 அந்த வகை. தூக்கிட்டு நடக்க சுகமா இருக்கும். ஆனா பேரலோட பின்வாயில, அதாவது சிலிண்டரை விட்டு தோட்டா உள்ள நுழையற ஃபோர்சிங் கோன்ல, அடிப்பக்கம் இடம் போதாம தட்டையா சீவியிருப்பாங்க. அந்த இடத்துல உலோகம் மெலிசு. 125 கிரெயின் (குண்டோட எடை) சூடான மேக்னம் லோடை விடாம சுட்டா அங்கதான் விரிசல் விடும். இதுக்கு பதிலாத்தான் 1980 வாக்குல கொஞ்சம் பெரிய எல் ஃபிரேம் வந்தது, 686 அந்த சைஸ்தான். 38 பிளஸ் பி மட்டும் சுடறவருக்கு மாடல் 19 போதும். ஆனா யாரோ பத்து வருஷம் மேக்னம் போட்டு அடிச்சதை உங்க தலையில கட்டப் பாப்பாங்க, அதனால துப்பாக்கியை காலி பண்ணி, சிலிண்டரை வெளிய தள்ளி, டார்ச் அடிச்சு அந்த பின்வாயோட அடிப்பக்கத்தைப் பாருங்க. முடி மாதிரி ஒரு கோடு தெரிஞ்சாலும் திருப்பிக் குடுத்துட்டு வந்துடுங்க. "அது கரி சார்"னு சொல்லுவாரு, துணியால துடைச்சா கரி போயிடும், விரிசல் போகாது.

உங்க கையில இருக்கற பழசுக்கும் அதே மாதிரி சிலிண்டரைத் திறங்க. சிலிண்டரைத் தாங்கற கை மடங்கி உக்கார்ற இடத்துல, ஃபிரேம்ல மாடல் நம்பர் பொறிச்சிருக்கான்னு பாருங்க. 1957ல இருந்துதான் அந்த கம்பெனி நம்பர் போட ஆரம்பிச்சது. நம்பர் இருக்கற கே ஃபிரேம் ஸ்டீல் துப்பாக்கின்னா பிளஸ் பி போடலாம், தினமும் தீனி மாதிரி போடாதீங்க. நம்பர் இல்லையா, போடவே வேண்டாம். பழைய அலுமினிய ஃபிரேம்னாலும் வேண்டாம்.

இப்ப பிஸ்டலுக்கு வருவோம். நல்ல கம்பெனி பிஸ்டல்ல நிஜமான பிளஸ் பி போட்டா சேம்பர் வெடிக்கும்னு பயப்படாதீங்க, அடி வாங்கறது ஸ்லைடும் ஃபிரேமும்தான். ஸ்லைடு வேகமா பின்னால போய் ஃபிரேமை மோதுது, ஆயிரக்கணக்குல மோதினா உலோகம் நசுங்குது. அந்த வேகத்தைத் தாங்கி ஸ்லைடை திரும்ப முன்னால தள்ளத்தான் ரீகாயில் ஸ்பிரிங். அது தளர்ந்தா மோதல் கூடும், அதனால கம்பெனி சொன்ன கணக்குக்கு முன்னாடியே மாத்திடுங்க, குட்டி பிஸ்டல்னா இன்னும் சீக்கிரம். ஆனா அந்த ஆள் சொல்ற ஓவர் டைட் ஸ்பிரிங் வேண்டாம். சாதா தோட்டா போட்டா ஸ்லைடு முழுசா பின்னால போகாது, அடுத்த தோட்டாவை எடுக்காது, முன்னால வரும்போது வேற அறைஞ்சுக்கிட்டு வரும். ஒரு பக்கம் அடியைக் குறைக்கறேன்னு இன்னொரு பக்கம் கூட்டிடுவீங்க.

எந்த பிஸ்டல்னா, முழு சைஸ், அதே ஃபிரேம்ல 40 எஸ் அண்ட் டபிள்யூங்கற 9எம்எம்மை விடப் பெரிய தோட்டாவுக்கும் வர்ற மாடலோட 9எம்எம். ஹெக்லர் அண்ட் கோக் யூஎஸ்பியை முதல்லயே 40க்குன்னுதான் வடிவமைச்சாங்க, அப்புறம்தான் 9எம்எம் வந்தது, அதனால அதுக்கு பிளஸ் பி பெரிய விஷயமே இல்ல. "வார்ப்பு ஃபிரேம் வேஸ்ட், அடிச்சு செஞ்சதுதான் ஸ்ட்ராங்"னு ஒரு கதை விடுவாங்க, அதையும் காதுல போட்டுக்காதீங்க. பிரவுனிங் ஹைபவரை 40க்கு மாத்தினப்ப பழைய அடிச்ச ஃபிரேமை விட்டுட்டு வார்ப்பு ஃபிரேமுக்குத்தான் போனாங்க.

துப்பாக்கியை விட அதிகமா சந்தேகப்பட வேண்டியது தோட்டாவை. பிளாஸ்டிக் கவர்ல போட்டு "நானே லோடு பண்ணது, பிளஸ் பி பவர்"னு யாராவது குடுத்தா கையால கூட தொடாதீங்க, உள்ள எவ்வளவு மருந்து இருக்குன்னு குடுத்தவருக்கே தெரியாது. பெட்டியில மட்டும் இல்லாம கேஸோட அடியிலயும் பிளஸ் பி அடிச்சிருக்கணும். "பிளஸ் பி பிளஸ்"னு ஒண்ணு வரும், அதுக்கு அந்த சாமி அளவே வகுக்கல, அவனவன் இஷ்டம். சாதா பிளஸ் பி பெட்டியில கூட அழுத்த நம்பரை போட மாட்டேங்கிறாங்க, நம்பர் போட்டா என்ன மை தீர்ந்துடுமா? மேனுவல் இன்னும் மோசம், "பாகங்களின் ஆயுள் குறையலாம்"னு ஒரு வரி, எத்தனை ரவுண்டுக்கு எவ்வளவு குறையும்னு ஒருத்தரும் எழுத மாட்டாங்க, எழுதினது வக்கீலா இன்ஜினியரான்னு சந்தேகமா இருக்கும். ஆனா மேனுவல்ல பிளஸ் பி வேண்டாம்னு நேரடியா போட்டிருந்தா அதோட பேச்சு முடிஞ்சுது.

இன்னொண்ணு, ஒரே தோட்டாவை தினம் சேம்பர்ல ஏத்தி இறக்காதீங்க. போன மாசம் ஒருத்தர் பிஸ்டல் கொண்டுவந்தார், அவரோட முதல் தோட்டாவை எடுத்து புது தோட்டா பக்கத்துல நிக்க வச்சேன், புல்லட் உள்ள அமுங்கி கண்ணுக்கே தெரியற அளவு குட்டையாயிருந்தது. உள்ள இடம் குறைஞ்சா அழுத்தம் ஏறும், அதுவும் அவர் வச்சிருந்தது பிளஸ் பி. அப்படி ஒண்ணு பார்த்தா சுடாம ஒதுக்கி வச்சுடுங்க.

2,000 ரவுண்டுல பிளஸ் பி ஒரு 200 போதும், உங்க துப்பாக்கி அதை சிக்காம சுடுதான்னு பார்க்க. மிச்சம் சாதா தோட்டா. பழைய ரிவால்வரோட மாடல் நம்பரை பார்த்துட்டு எழுதுங்க.