நாள்பட்ட சோர்வு நோய்க்கு ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை உதவுமா? மற்ற மருந்துகள் சோர்வைக் கூட்டுமா?

உங்கள் இரண்டாவது கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் நார்மல், ஆனால் தலைவாரக் கையைத் தூக்கினால் பாதியிலேயே தோள் கெஞ்சும். உங்கள் நிலையும் இதுவாகத்தான் இருக்கும்.

எனக்கு இது ஆறு வருடமாக. நோயாளிகளிடம் ஆக்சிஜனேற்றச் சேதத்தின் (ஆக்சிஜன் சார்ந்த வேதிவினைகளால் செல்களுக்கு வரும் பாதிப்பு) அடையாளங்கள் அதிகம், அதைத் தடுக்க உடம்பே தயாரிக்கும் குளூட்டாத்தயோன் குறைவு என்று பல ஆய்வுகளில் படித்துவிட்டு வைட்டமின் சி, ஈ, செல்களில் சக்தி உருவாக உதவும் கோஎன்சைம் க்யூ10 என்று பாட்டில்களாக அடுக்கினேன். அந்தச் சேதம் நோய்க்குக் காரணமா விளைவா என்பதே இன்னும் முடிவாகவில்லை என்பதை மட்டும் வசதியாகத் தாண்டிப் படித்திருக்கிறேன்.

அதே சமயம் கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாடின் ஆரம்பித்தார்கள். நாலு மாதத்தில் மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியதாயிற்று. நோய் முற்றுகிறது என்று நினைத்து இன்னொரு பாட்டில் வாங்கினேன்!

பிறகு பார்த்த டாக்டர், சாப்பிடுவதை எல்லாம் பையோடு கொண்டுவரச் சொன்னார். மேசையில் கொட்டி, பேனா முனையால் இரண்டைத் தள்ளி வைத்தார்: ஸ்டாடின், தினமும் போட்டுவந்த அலர்ஜி மாத்திரை. சில அலர்ஜி மாத்திரைகள் தூக்கத்தையும் அசதியையும் கொடுக்கும், அது தெரிந்ததுதான். ஸ்டாடின் கதை வேறு. உடம்பில் கொலஸ்ட்ரால் தயாராகும் பாதையிலேயே க்யூ10உம் தயாராகிறது. அந்தப் பாதையின் தொடக்கத்திலேயே ஸ்டாடின் அடைப்பதால் ரத்தத்தில் க்யூ10 அளவும் இறங்குகிறது. ஒரு கையால் குழாயை மூடிவிட்டு மறு கையால் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர் வேறு ஸ்டாடினைக் குறைந்த அளவில் கொடுத்தார், அலர்ஜி மாத்திரையை நிறுத்தினார். நோய் போகவில்லை. படியில் உட்காருவது ஒரு இடமாகக் குறைந்தது, அவ்வளவுதான். இரண்டில் எது காரணம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்டாடினை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இதய நோய் உள்ளவர்கள் தாங்களாக நிறுத்துவது ஆபத்து.

சரி, ஆன்டிஆக்சிடன்ட்? தினமும் க்யூ10 200 மில்லிகிராமும், அதேபோல் செல்களில் சக்தி உருவாக உதவும் என்ஏடிஎச் 20 மில்லிகிராமும் எட்டு வாரம் கொடுத்த, 2015இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் சோர்வு ஓரளவு குறைந்தது. குணமாக்கும் மருந்து என்று எதுவும் இன்றுவரை இல்லை.

இன்னொன்று, கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். "எல்லாம் மனசுதான், தினமும் கூட்டிக்கூட்டி நட" என்று என் மைத்துனர் விடாமல் சொல்வார். அப்படிப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பே 2021 வழிகாட்டுதலில் வேண்டாம் என்றுவிட்டது. அவர் பேச்சைக் கேட்டு ஒரு நாள் நாற்பது நிமிடம் நடந்தேன். அன்று ஒன்றுமில்லை, மறுநாளும் சமாளித்தேன். மூன்றாம் நாள் பல் துலக்க ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அந்த ஸ்டூல் இன்னும் குளியலறையில்தான் இருக்கிறது.