ஆர்க்டிக் கரையின் சாணைக்கற்கள்: கேள்வி பதில்

கே: அலாஸ்காவின் வடகரைத் தொல்லிடங்களில் அரைக்கும் கல் கிடைத்தது என்று படித்தேன். தானியமே விளையாத ஊரில் எதை அரைத்தார்கள்?

ப: அம்மி மாதிரி நினைக்காதீர்கள், பெரும்பாலும் அவை சாணைக்கற்கள். சீல், திமிங்கலம், மான் இறைச்சியை வெட்டும் கத்தியைத் தேய்த்துச் செய்யவும் தீட்டவும் வைத்திருந்தவை.

கே: கல்லைத் தட்டினாலே கூர் வருமே, எதற்கு மெனக்கெட்டுத் தேய்க்கணும்?

ப: அது கல்லைப் பொறுத்தது. சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டினால் கூரான சில்லு பெயரும். பலகைக்கல், அதாவது நாம் பள்ளியில் எழுதிய சிலேட்டுக் கல், அடுக்கடுக்காகப் பிளக்குமே தவிர தட்டி நல்ல விளிம்பு கொண்டுவர முடியாது, அதனால் மெல்லிசாகப் பிளந்து மணற்கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார்கள். பெண்கள் வைத்திருந்த ஊலு என்ற பிறைவடிவக் கத்தி அப்படி வந்ததுதான். கொழுப்பும் தோலும் அறுத்து மழுங்கினால் சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் போதும்.

கே: அப்படியென்றால் எல்லாக் காலத்திலும் தேய்த்தார்களா?

ப: இல்லை. அலாஸ்காவின் வடமேற்குக் கரை ஊரான பாயிண்ட் ஹோப்பில் 1939-இல் கண்டெடுத்த இப்பியூட்டாக் என்ற பழைய குடியிருப்பில் தேய்த்த பலகைக்கல் கிட்டத்தட்ட கிடையாது, அவர்களுக்கு முன் அலாஸ்காக் கரையில் வாழ்ந்த நார்ட்டன் மக்களிடம் இருந்தும்கூட! பின்னால் வந்து கிரீன்லாந்து வரை பரவிய தூலே மக்களிடம், அதாவது இன்றைய இனுயிட்டுகளின் முன்னோரிடம், நிறையவே உண்டு.

கே: ஜேடு என்கிற பச்சைக் கல்லையும் தேய்த்தார்களா?

ப: ஆமாம், வடமேற்கு அலாஸ்காவின் கோபுக் ஆற்றுப் பக்கத்து நெஃப்ரைட், ஜேடில் ஒரு வகை. தட்டினால் லேசில் உடையாது. மணலும் தண்ணீரும் போட்டு அறுத்து, பிறகு தேய்த்து மரம் செதுக்கும் வாய்ச்சிக்கு அலகு செய்தார்கள். எவ்வளவு பொறுமை வேண்டும்!

கே: சும்மா கிடக்கிற கல்லிலிருந்து சாணைக்கல்லை எப்படிப் பிரிப்பது?

ப: விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். கத்தி தீட்டிய கல் நடுவில் படகு மாதிரி குழிந்து வழவழவென்று இருக்கும், ஒரே திசையில் கீறல் ஓடும். எலும்பு ஊசியைத் தேய்த்தது என்றால் ஒடுங்கிய பள்ளம், அம்புத்தண்டு என்றால் அரைவட்டப் பள்ளம். அகழ்வில் இதைச் சாதாரணக் கல் என்று ஒதுக்கிவிட்டால் எனக்கு வயிறு எரியும், ஏனென்றால் கத்தி தொலைந்துபோனாலும் அதன் வேலை இந்தக் கல்லில் பதிந்திருக்கிறது.

கே: இன்னும் தோண்ட மிச்சம் இருக்கிறதா?

ப: இருக்கிறது, ஆனால் கடல் முந்திக்கொள்கிறது. அலாஸ்காவின் வடகரை ஊரான உட்கியாக்விக் பக்கத்து வாலக்பா தொல்லிடத்தில் உறைநிலம் இளகிக் கரை சரிந்து விழுகிறது. மண்ணோடு விழுந்த மணற்கல்லை அலை கொஞ்ச நாள் உருட்டினால் அந்தக் கீறல் போய்விடும், அப்புறம் அது வெறும் கூழாங்கல்.