சைக்கிளில் மோட்டார் பொருத்துவது: கேட்டவர்களுக்குப் பதில்

சைக்கிளில் மோட்டார் மாட்டுவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பெரும்பாலானவை "எத்தனை வாட் போடலாம்" ரகம். பிரேக் பற்றி ஒருத்தர்கூடக் கேட்கவில்லை, அதனால் கேட்காத இடத்திலும் நானே அதை நுழைத்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, 26 இஞ்ச் கியர் சைக்கிள் இருக்கிறது. ஹப் மோட்டாரை முன் சக்கரத்தில் போடவா, பின் சக்கரத்திலா? (தஞ்சாவூர்)

ஹப் மோட்டார் என்பது சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் மோட்டார். அதை முன்னால் போடுவது சுலபம். செயினைத் தொடவே வேண்டாம், அரை நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் அதற்கு முன் ஒரு காந்தத்தை எடுத்து ஃபோர்க்கின் நுனியில், அச்சு உட்காரும் அந்தப் பிளவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டவில்லை என்றால் அலுமினியமோ மெக்னீசியக் கலவையோ, அதில் முன் மோட்டார் வேண்டவே வேண்டாம். ஷாக் அப்சார்பர் வைத்த ஃபோர்க் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

காரணம் இதுதான். சாதாரண சக்கரத்தில் அச்சு சும்மா நிற்கும். ஹப் மோட்டாரில் சக்கரம் முன்னால் சுழல, அச்சு அதே பலத்தோடு பின்பக்கமாகத் திரும்பப் பார்க்கும். 250 வாட் கியர் ஹப் (உள்ளே பல்சக்கரம் வைத்த ஹப் மோட்டார்) 35 நியூட்டன் மீட்டர் முறுக்கு கொடுக்கிறது என்று வையுங்கள், அதைத் தாங்குவது அச்சில் சீவிவிட்ட இரண்டு தட்டைப் பக்கங்கள், இடைவெளி 10 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் அந்தச் சின்ன இடத்தில் 300 கிலோவுக்கு மேல் விசை விழுகிறது, அதுவும் ஒவ்வொரு முறை த்ராட்டில் (ஆக்சிலேட்டர்) திருகும்போதும். அலுமினியம் கொஞ்ச நாள் தாங்கும், அப்புறம் ஒரு நாள் பிளக்கும், முன் சக்கரம் கழன்றால் முகம்தான் முதலில் தரையில் படும். பின்னால் போட்டாலும், இரும்பு ஃபோர்க்காகவே இருந்தாலும், டார்க் ஆர்ம் ஒன்று கட்டாயம் போடுங்கள். அச்சைக் கவ்விப் பிடித்து ஃபிரேமோடு சேர்த்துக் கட்டும் பட்டை அது. கடையில் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் 5 மி.மீ. இரும்புத் தகட்டில் வெட்டித் தருவார்கள். ஆட்டம் இல்லாமல் இறுக்கமாக உட்கார வேண்டும் என்று சொல்லி அச்சையும் கையோடு கொண்டுபோங்கள்.

லைசென்ஸ், ஆர்.சி. வேண்டுமா சார்? போலீஸ் பிடிப்பார்களா? (சென்னை)

மத்திய மோட்டார் வாகன விதிகளில் விதி 2(யு) என்று ஒன்று இருக்கிறது. மோட்டாரின் முப்பது நிமிட சக்தி (அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடியது) 0.25 கிலோவாட்டுக்கு, அதாவது 250 வாட்டுக்குக் குறைவு, வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவு, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள், சரியான பிரேக், முன்னால் வெள்ளை ரிஃப்ளெக்டர், பின்னால் சிவப்பு. இவ்வளவும் இருந்தால் அது மோட்டார் வாகனமே இல்லை. ஆனால் அதே விதி, இதையெல்லாம் அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் ஒன்று சரிபார்த்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வீட்டில் நாம் கட்டும் வண்டிக்கு அந்தச் சான்று கிடையாது. அதை மறைத்து "முழுக்க சட்டப்படி" என்று கிட் விற்பவர்களை நம்பாதீர்கள். என் பழக்கம், 250 வாட் 25 கி.மீ. எல்லைக்குள் நிற்பது. அதைத் தாண்டிவிட்டால் பதிவு இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம் ஓட்டுகிறீர்கள், யார் மேலாவது இடித்துவிட்டால் அபராதத்தோடு முடியாது.

80 சிசி பெட்ரோல் கிட் ஆன்லைனில் பார்த்தேன், சத்தமே ஆசையாக இருக்கிறது. வாங்கலாமா? (ஈரோடு)

ஆசை புரிகிறது தம்பி. எனக்கும் இஞ்சின்தான் முதல் காதல். 1946இல் ஹோண்டா சோய்ச்சிரோ ஜப்பானில் தொழில் ஆரம்பித்ததே இப்படித்தான், ராணுவம் கழித்துப்போட்ட வயர்லெஸ் ஜெனரேட்டர் இஞ்சின்களைச் சைக்கிளில் மாட்டி விற்று.

இப்போது உங்கள் கிட்டுக்கு வருவோம். 80 என்று விற்பது உண்மையில் 66 சிசி. 47 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 38 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் நீளம்), நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 2(28)இன்படி நான்கு சக்கரத்துக்குக் குறைவான வண்டியில் 25 சிசி வரை இருந்தால்தான் அது மோட்டார் வாகனம் ஆகாது. ஒரு காலத்தில் என்ஃபீல்டு மோஃபா 22 சிசியில் வந்தது நினைவிருக்கலாம். 66 சிசியை சாலையில் எடுக்க வழியே இல்லை, பதிவும் செய்துதர மாட்டார்கள். சொந்தத் தோப்புக்குள் ஓட்டுவீர்களென்றால் அது உங்கள் இஷ்டம். அங்கேயும் ஒரு எச்சரிக்கை: பின் சக்கரப் பல்சக்கரத்தை அந்தக் கிட்டில் ரப்பர் வைத்து ஸ்போக்ஸ் கம்பிகளோடு சேர்த்து இறுக்குவார்கள். மொத்த இழுவையும் கம்பிகள் மேல் விழும், ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும். ஹப்பிலேயே நேராகப் பிடிக்கும் அடாப்டர் போடுங்கள். பெட்ரோலில் ஆயில் கலவை ஆரம்பத்தில் 20 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில், ஓடிப் பழகிய பிறகு 25 முதல் 32 பங்கு வரை பெட்ரோலுக்கு 1.

1000 வாட் போட்டால் 40இல் போகலாமே, ஏன் எல்லோரும் 250 என்கிறீர்கள்? (மதுரை)

நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்றால், சமதரையில் 25 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 175 வாட் போதும். 40க்கு 580 பக்கம் வேண்டும், மூன்று மடங்குக்கும் மேல், ஏனென்றால் காற்றைத் தள்ளும் வேலை வேகத்தின் மும்மடியில் ஏறுகிறது. அதே பேட்டரி, பாதித் தூரம். சரி, பேட்டரி பெரிதாக வாங்கினீர்கள், பிரேக்? நிறுத்த வேண்டிய ஆற்றல் இரண்டரை மடங்கு. உங்கள் சைக்கிளில் இருப்பது ரப்பர் கட்டை வைத்த ரிம் பிரேக், மழையில் நனைந்தால் முதல் இரண்டு சுற்றுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. டிஸ்க் போடாமல் 30ஐத் தாண்டுகிறவருக்கு நான் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுமா? 36 வோல்ட் 10 ஆம்ப் ஹவர் பேட்டரி. (சேலம்)

மிதிக்காமல் ஏறாது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் பக்கம், ஏற்காடு 1,500. 100 கிலோவை 1,200 மீட்டர் தூக்கவே 330 வாட் ஹவர் போகும், மோட்டாரும், அதற்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலரும் சூடாக்கித் தின்பதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 430க்கு மேல் உருவும். உங்களிடம் இருப்பது 360. பாதியை நீங்கள் மிதித்துக் கொடுத்தால் மேலே போய்க் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். வேகத்தை மட்டும் 10க்குக் கீழே விடாதீர்கள். மெதுவாகச் சுழலும் ஹப்பில் மின்சாரம் சக்கரத்தைத் தள்ளுவதைவிட அதிகமாக மோட்டாரின் கம்பிச் சுருளைச் சூடாக்கும், உள்ளே கியர் ஹப்பில் இருப்பது நைலான் பற்கள், இளகி மழுங்கிவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் கையை ஹப் மேல் வைத்துப் பாருங்கள், வைக்க முடியவில்லை என்றால் ஒரு டீ குடியுங்கள்.

இறங்கும்போது கியர் ஹப் உதவாது, அது ஃப்ரீவீல் போலச் சும்மா ஓடும், பேட்டரியும் ஏறாது. இருபது வளைவும் பிரேக்கை நம்பித்தான். புதுக் கட்டை போட்டுக்கொண்டு கிளம்புங்கள், ஒரே பிடியாகப் பிடிக்காமல் முன், பின் என்று மாற்றி மாற்றிப் பிடியுங்கள், நடுநடுவே நின்று ரிம் ஆறட்டும்.

அப்பாவுக்கு 62 வயது. பழைய 28 இஞ்ச் சைக்கிளில்தான் கடைக்குப் போவார், ஒரு நாளைக்கு எட்டு கி.மீ. யு.பி.எஸ். பேட்டரி மூன்று சும்மா இருக்கிறது, அதை வைத்து ஏதாவது செய்யலாமா? (திருநெல்வேலி)

செய்யலாம்மா. 12 வோல்ட் 7 ஆம்ப் ஹவர் மூன்றைத் தொடராக இணைத்தால் 36 வோல்ட் கிடைக்கும், கணக்குப்படி 250 வாட் ஹவர். ஆனால் லெட் ஆசிட் பேட்டரியை ஒரு மணி நேரத்துக்குள் காலி செய்தால் அறுபது சதவீதம்தான் தரும். எட்டு கிலோமீட்டருக்கு அது போதும். எடை ஏழு கிலோ வரும், கேரியர் மேல் வைக்காமல் ஃபிரேம் முக்கோணத்துக்குள் தொங்கவிடுங்கள், இல்லையென்றால் ஸ்டாண்ட் போடும்போது அப்பா தடுமாறுவார். அந்த சைக்கிளில் கம்பி பிரேக் இருக்கும். மோட்டாரைவிட அதைத்தான் முதலில் சரிபார்க்கச் சொல்வேன், கட்டை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், ரிம் துருப்பிடித்திருந்தால் ரிம்மையே மாற்றுங்கள். வேகத்தை 18இல் கட்டிவையுங்கள், பல கன்ட்ரோலர்களில் அதற்கென்றே ஒரு வயர் வருகிறது.

த்ராட்டில் கொடுத்தால் மோட்டார் உதறுகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது.

கையால் தள்ளிவிட்டால் ஓடுகிறதா? ஓடினால் ஹால் சென்சார் (மோட்டார் எந்த நிலையில் சுழல்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது) பக்கம் பாருங்கள், ஐந்து மெல்லிய வயர் போகும் கனெக்டரில் ஏதாவது ஒரு ஊசிமுனை பின்வாங்கியிருக்கும். தள்ளினாலும் ஓடவில்லையென்றால் மஞ்சள், பச்சை, நீலத் தடிவயர்களில் ஒன்று விட்டிருக்கிறது.

மழையில் ஓட்டலாமா?

ஓட்டலாம். கன்ட்ரோலரை வயர்கள் கீழ்நோக்கி வரும்படி மாட்டுங்கள். தேங்கிய தண்ணீர் அச்சைத் தொடும் உயரம் என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டும் போக வேண்டாம், சுற்றிப் போங்கள்.

நண்பரின் சார்ஜர் 43.8 வோல்ட் என்று போட்டிருக்கிறது, என்னுடைய லித்தியம் அயான் பேக் 36 வோல்ட். போடலாமா?

கூடாது. அது 12 செல் எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேக்குக்கானது, உங்களுடைய 10 செல் பேக் 42க்கு மேல் போகக் கூடாது. பி.எம்.எஸ். (பேட்டரியைப் பாதுகாக்கும் சர்க்யூட்) தடுக்கும் என்று நினைக்காதீர்கள், அது கடைசித் தடுப்பு, தினமும் அதை நம்பி சார்ஜ் செய்யக் கூடாது. இன்னொன்று, யாருடைய சார்ஜராக இருந்தாலும் ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள், பால்கனியிலோ சிமெண்ட் தரையிலோ, நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள்.