தலைமை ஆசிரியர் ஏன் வகுப்புக்குள் அதிகம் வருவதில்லை?

“எங்கள் ஊர் ஹெட்மாஸ்டர் எப்போதும் ஆபீஸ் அறையிலேயே இருக்கிறார். பாடம் எப்படி நடக்கிறது என்று பார்க்க மாட்டாரா?” என்று கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

சிறிய தொடக்கப் பள்ளி என்றால் அவரும் வகுப்பு எடுப்பவர்தான். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கே 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். ஐந்து வகுப்புகளை இருவர் பங்கிட்டால், ஒருவர் பாடத்தை மற்றவர் எப்போது உட்கார்ந்து கவனிப்பது? எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு, சத்துணவுக் கணக்கு வேறு இருக்கிறது.

மேல்நிலைப் பள்ளியில் சிக்கல் வேறு. வரலாறு படித்த தலைமை ஆசிரியர் பிளஸ் டூ இயற்பியல் வகுப்பில் உட்கார்ந்தால், கரும்பலகைக் கையெழுத்தைத் தாண்டி என்ன சொல்ல முடியும்? விளவங்கோடு பக்கம் மலையாள வழி வகுப்புகளும் உண்டு. அங்கே மொழியும் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் என் பார்வையில் பெரிய தடை சங்கோஜம்தான். நம் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளிகள் நிறைய. அங்கே ஆசிரியரை நியமிப்பது நிர்வாகம், தலைமை ஆசிரியர் அல்ல. நேற்றுவரை ஒன்றாக டீ குடித்தவர், இன்று பணிமூப்பில் தலைமை ஆசிரியராகி, “உங்கள் பாடம் சரியில்லை சார்” என்று சொல்ல வேண்டும். அதைவிடப் பாடக்குறிப்பு நோட்டில் கையெழுத்துப் போடுவது சுலபம்!

இதற்கு வழி உண்டு. தலைமை ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பதினைந்து நிமிடம், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்கலாம். உதாரணமாக, கடைசி பெஞ்சுக்குக் கேள்வி போகிறதா என்று. பாட நுணுக்கத்துக்கு அதே பாடத்தின் மூத்த ஆசிரியரைக் கூட்டிக்கொள்ளலாம். பேச்சு அன்றே, தனியாக. பிள்ளைகள் முன்னால் திருத்தினால் அடுத்த முறை நடிப்புதான் பார்க்கக் கிடைக்கும்.