பையன் கெர்னல் பக்கம் போறேங்கிறான், விடலாமா?

அக்கா, பாலிடெக்னிக் ஃபைனல் இயர்ல இருக்குற பையன் ஏஐ பக்கமே திரும்பாம கெர்னல் கெர்னல்னு ஒத்தக்கால்ல நிக்கிறான்னு எழுதியிருந்தீங்க. கெர்னல்னா, சிப்புக்கும் ஆப்புக்கும் நடுவுல நின்னு கம்ப்யூட்டர நடத்துற அடிப்படை சாஃப்ட்வேர். தாராளமா விடுங்க, ஆனா முதல்ல அவனுக்கு இதுக்குப் பொறுமை இருக்கான்னு பாத்துருவோம்.

1991ல இன்டெலோட 386 சிப்புக்குன்னு ஆரம்பிச்ச லினக்ஸ் கெர்னல், இன்னைக்கு உங்க ஆண்ட்ராய்டு போன்ல ஏஆர்எம்ங்கிற வேற வகை சிப்புலயும் ஓடுது, ஏஐ சர்வர்லயும் அடியில அதுதான் ஓடுது. சிப்புக்குச் சிப்பு மாறுற புரோகிராம் கோட எல்லாம் 'ஆர்ச்'னு ஒரு ஃபோல்டர்ல ஒதுக்கி வச்சிருப்பாங்க, மிச்சமெல்லாம் பொது. ஆனா உண்மையான தலைவலி அந்தப் பொதுக் கோடுலதான் வரும். சிப்புக்குள்ள வேலை செய்யுற பல கோர்ல ஒரு கோர் டேட்டாவ எழுதிட்டு அப்புறமா 'ரெடி'ன்னு ஒரு அடையாளம், அதாவது ஃப்ளாக், போடுது, இன்னொரு கோர் ஃப்ளாக்க பாத்துட்டு டேட்டாவ எடுக்குதுன்னு வைங்க, இன்டெல் சிப்புல எழுதின அந்த ரெண்டும் வரிசை மாறாம தெரியும், ஏஆர்எம்ல ஃப்ளாக் மட்டும் முன்னாடி தெரிஞ்சு டேட்டா பழசாவே இருக்கலாம், அத தடுக்க ரெண்டு பக்கமும் நடுவுல மெமரி பேரியர், அதாவது 'வரிசைய மாத்தாத'ங்கிற கட்டளை, போடணும். மறந்துட்டா இன்டெல் லேப்டாப்ல ஒழுங்கா ஓடும், ஏஆர்எம் போர்டுல எப்பவாவது ஒருதடவை கவுத்துரும், திரும்ப டெஸ்ட் பண்ணா வரவே வராது. அதத் தேடிப் பிடிக்கிறதுதான்க்கா இந்த வேலை.

அதனால காசு எதுவும் செலவு பண்ண வேணாம், வேற சிப்பு மாதிரி நடிக்கிற க்யூஇஎம்யூங்கிற சாஃப்ட்வேர் இலவசம், அதுல 64-பிட் ஏஆர்எம் கெர்னல 64 கேபி பேஜ் சைஸ் (மெமரிய பிரிச்சு வைக்கிற துண்டோட அளவு) வச்சு பில்ட் பண்ணி ஓட்டச் சொல்லுங்க. இன்டெல் பக்கம் வழக்கமா பேஜ் 4 கேபி, அதாவது 4096 பைட், அந்தப் பழக்கத்துல அவன் தன்னோட டிரைவர்ல (ஹார்டுவேர ஓட்டுற கோடு) 4096னு நேரா எழுதியிருந்தா அங்க வசமா மாட்டுவான். மாட்டின அப்புறமும் ராத்திரி உக்காந்து ஏன்னு தேடுறானா, இல்ல மூடிட்டுப் போறானான்னு மட்டும் கவனிங்க.

தேடுறான்னா என்எஸ் (தேசிய சேவை) போறதுக்கு முன்னாடியே யூனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணி இடத்த பிடிச்சு வச்சிரட்டும். என்யூஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) கம்ப்யூட்டர் சயின்ஸ்ல கம்ப்யூட்டர் அமைப்பு பத்தின சிஎஸ்2100, ஆப்பரேட்டிங் சிஸ்டம் பத்தின சிஎஸ்2106 ரெண்டும் இதுக்கு நேரடியான பாடம், அந்த ரெண்டையும் சும்மா பாஸ் பண்ணா பத்தாது. வேலை? ஆப், வெப் அளவுக்கு சிங்கப்பூர்ல இடம் இல்ல, அத மறைக்க மாட்டேன். ஆனா ஏஎம்டி, மீடியாடெக் மாதிரி சிப் கம்பெனி எல்லாம் இங்க ஆபீஸ் வச்சிருக்காங்க, வேலை தேடும்போது 'கெர்னல்'னு மட்டும் தேடாம எம்படட், ஃபர்ம்வேர், டிவைஸ் டிரைவர்னும் தேடச் சொல்லுங்க. சி புரோகிராமிங் மொழி மட்டும் கைவசம் இருக்கணும், அதுல பேரம் பேசாதீங்க.