ஏறலாம், கூடவே ஓடலாம்

கேள்வி: சென்னைக்கு இரவு பஸ்ஸில் வரும்போது மொபைலில் 'ஐ கரப்ட் ஆல் காப்ஸ்' என்ற ஹாங்காங் படம் பார்த்தேன். 2009-இல் வந்த கேன்டனீஸ் மொழிப் படம். போலீஸ் லஞ்சத்தை ஒழித்த கதை. ஆனால் வாங்குகிறவர்கள் மேலேயேதான் கண் போகிறது, ஒழிக்க வந்தவர்கள் மனதில் நிற்கவில்லை. ஏன்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: பஸ்ஸில் பார்த்தீர்கள், சரி. காதில் ஹெட்போன் இருந்ததா? முக்கியமான அந்தத் தகவலை விட்டுவிட்டீர்களே. பக்கத்து சீட்டுக்காரர் ஸ்பீக்கரில் போட்ட படத்தை விழுப்புரம் வரை காதால் கேட்டு, கிளைமாக்ஸில் அவர் மொபைலை அணைத்துவிட்டுத் தூங்கிப்போக, கொலைகாரன் யாரென்று தெரியாமலே பெருங்களத்தூரில் இறங்கியவன் நான். இதைப் பற்றி நான்கு தலையங்கம் எழுதியும் சத்தம் குறைந்தபாடில்லை.

ஆனால் இந்தப் படத்தை பஸ்ஸில் பார்த்தது பொருத்தம்தான். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து ஹாங்காங் போலீஸ்காரர்கள் மாமூலைப் பற்றிப் பேச பஸ்ஸைத்தான் இழுப்பார்களாம். நீதிபதி பிளேர்-கெர் 1973-இல் கொடுத்த விசாரணை அறிக்கையிலேயே இது இருக்கிறது. பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம், அதாவது பங்கை வாங்கிக்கொள்ளலாம். பிடிக்கவில்லையா, கூடவே ஓடி வரலாம். வாங்கவும் வேண்டாம், வாயைத் திறக்கவும் வேண்டாம். பஸ்ஸுக்கு எதிரே போய் மட்டும் நின்றுவிடக் கூடாது.

உலகத்திலேயே பயணிக்குப் பணம் கொடுத்து ஏற்றிக்கொண்ட பஸ் இதுவாகத்தான் இருக்கும். சில்லறைத் தகராறு கிடையாது. பெரிய அதிகாரிக்கு ஜன்னல் சீட், புதிதாகச் சேர்ந்த கான்ஸ்டபிளுக்கு ஃபுட்போர்டு. எனக்குப் பாவமாக இருப்பது கூடவே ஓடியவர்களை நினைத்துத்தான். வாங்கவில்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. சர்வீஸ் முழுக்க வேர்க்க விறுவிறுக்க ஓடி, பென்ஷன் ஸ்டாப்பிங்கில் மூச்சு வாங்க நின்றிருப்பார்கள். அவர்களைப் பற்றி ஒரு படம் எடுங்கள், முதல் டிக்கெட் நான் வாங்குகிறேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். டைரக்டர் வோங் ஜிங். 'காட் ஆஃப் கேம்ப்ளர்ஸ்' எடுத்துச் சூதாட்டக்காரரைத் தெய்வமாக்கியவர். அவரிடம் லஞ்ச ஒழிப்புக் கதையைக் கொடுத்தால் கேமரா பணக்கட்டு இருக்கிற பக்கம் போகாமல் ஃபைல் இருக்கிற பக்கமா போகும்? நிஜக் கதையோ முழுக்க ஃபைல்தான்.

பீட்டர் காட்பர் என்று ஒரு போலீஸ் சீஃப் சூப்பரின்டென்டென்ட். 1967 கலவரத்தை அடக்கிப் பேர் வாங்கியவர். அவர் சேர்த்திருந்த சொத்து நாற்பத்து மூன்று லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல். சம்பளத்துக்குப் பொருந்தாத சொத்து இருந்தால் எப்படி வந்தது என்று அதிகாரிதான் கணக்குச் சொல்ல வேண்டும் என்று 1971-இல் ஒரு சட்டம் வந்திருந்தது. கணக்குக் கேட்டு நோட்டீஸ் போனது. 1973 ஜூன் 8 அன்று, விமான நிலையத்துக்குள் போய்வரத் தனக்கு இருந்த போலீஸ் பாஸைக் காட்டி உள்ளே நுழைந்து, சிங்கப்பூர் வழியாக லண்டனுக்குப் பறந்துவிட்டார். ஊர் கொதித்தது. "காட்பரைப் பிடி" என்று தெருவில் இறங்கினார்கள்.

காட்பர் ஒருவர் மேல் மட்டும் வந்த கோபமில்லை அது. ஆஸ்பத்திரி ஆயா காசு கொடுத்தால்தான் நோயாளிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார், காசைப் பார்த்த பிறகுதான் தீயணைப்பு வீரர்கள் குழாயைத் திறப்பார்கள் என்று இருந்த ஊர். கவர்னர் மெக்லஹோஸ் வேறு வழியில்லாமல் 1974 பிப்ரவரியில், போலீஸுக்குக் கட்டுப்படாத ஐ.சி.ஏ.சி. என்ற தனி லஞ்ச ஒழிப்பு ஆணையத்தைத் தொடங்கினார். காட்பரை இழுத்து வந்து நான்கு வருஷம் உள்ளே போட்டார்கள். எதற்கு என்கிறீர்கள்? இருபத்தைந்தாயிரம் டாலர் லஞ்சத்துக்கு. சக அதிகாரி ஒருவருக்கு வான் சாய் போஸ்டிங் வாங்கிக் கொடுக்க வாங்கிய தொகை. லட்சக்கணக்கில் இருந்த சொத்துக் கணக்கை வைத்து அவரைக் கொண்டுவர முடியவில்லை. இரண்டு ஊரிலும் குற்றமாக இருந்தால்தான் ஆளை ஒப்படைப்பார்கள், அவர் ஓடிப்போயிருந்த பிரிட்டனில் அப்படி ஒரு குற்றமே கிடையாது.

எந்த டைரக்டரும் ஆசையாக எடுக்க முடியாத சீன் 1977-இல் வந்தது. யாவ் மா டெய் பழ மார்க்கெட்டில் போதை மருந்து விற்றவர்களிடம் மாமூல் வாங்கிய போலீஸ்காரர்களை ஆணையம் வரிசையாகப் பிடிக்க ஆரம்பித்தது. அக்டோபர் 28 அன்று போலீஸ்காரர்கள் ஊர்வலம் போனார்கள். அதில் ஒரு கூட்டம் ஐ.சி.ஏ.சி. ஆபீசுக்குள்ளேயே புகுந்து அங்கிருந்தவர்களை அடித்தது. ஒரு வாரம் கழித்து கவர்னர் இறங்கி வந்தார். 1977-க்கு முன்னால் வாங்கியதை, ஏற்கெனவே விசாரணையில் இருக்கும் கேஸ்களைத் தவிர, இனி கிளற மாட்டோம் என்று அறிவித்தார். நியாயமா என்றால் இல்லை. வேலை செய்ததா என்றால் செய்தது. பழைய பாக்கி தள்ளுபடி, புதுக்கணக்கில் கைவைத்தால் ஜெயில் என்று ஆனதும் கை தானாகச் சுருங்கியது. இதில் ஹீரோ யார்? அடிவாங்கி, பாதி ஃபைலைக் கட்டி மேலே வைத்துவிட்டு, மறுநாள் காலை மீதி ஃபைலைத் திறந்த அதிகாரி. அவருக்கு ஓப்பனிங் சாங் வைக்க முடியாது, அதனால் நீங்கள் அவரைப் பார்க்கவில்லை. கணக்குப் பார்க்கிறவர்களை சினிமா மதிப்பதில்லை என்று நான் கரடியாகக் கத்துவது இதற்குத்தான்.

மாறாக, லுய் லோக் என்ற டிடெக்டிவ் சார்ஜென்டைப் பாருங்கள். ஐம்பது கோடி டாலர் சேர்த்தவர் என்று ஊரே பட்டம் கட்டியது. வாரண்ட் போட்டும் கையில் சிக்கவே இல்லை. 2010-இல் கனடாவில் இறந்தார். அவரை வைத்து எத்தனை படம்! நீங்கள் பார்த்த படத்தில் டோனி லியுங் செய்யும் பாத்திரம் அவர் சாயல்தான். நடிகர் ஆண்டி லாவ் 1991-இல் அவராக நடித்தார், 2017-இல் மறுபடியும் நடித்தார். அப்புறம் 2023-இல் 'தி கோல்ட்ஃபிங்கர்' படத்தில் ஐ.சி.ஏ.சி. அதிகாரியாகவே வந்து நின்றார். அதில் அவர் துரத்தும் மோசடிக்காரர் இன்னொரு டோனி லியுங்.

ஆம், இருவர் இருக்கிறார்கள். உங்கள் படத்தில் இருப்பவர் லியுங் கா-ஃபாய், பெரிய டோனி. 'கோல்ட்ஃபிங்கர்' ஆள் லியுங் சியு-வாய், சின்ன டோனி. இருவரும் ஒரே ஆள்தான், மீசை வைத்தால் முகம் மாறிவிடும் என்று அடித்துச் சொல்லி இன்லண்ட் லெட்டர் எழுதும் கோவை அன்பர் கவனிக்க: இனி இந்த விஷயமாக வரும் கடிதங்கள் பிரசுரிக்கப்படாது.